பதில்களைத் தொலைத்த தொகுப்புகள்

ஃபிரண்ட்ஸ்டர் கடைசியில் ஒரு மலேசியக் கம்பெனியின் கையில்தான் செத்தது. இது நம்மில் பலருக்குத் தெரியாது. 2003இல் கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பிய அந்தத் தளம், அமெரிக்காவில் மைஸ்பேசிடமும் ஃபேஸ்புக்கிடமும் தோற்ற பிறகு பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் பிள்ளைகளால்தான் உயிரோடு இருந்தது. 2009 டிசம்பரில் கோலாலம்பூரின் மோல் குளோபல் அதை வாங்கியது. விலை 2.6 கோடி அமெரிக்க டாலர் அளவில் என்று அப்போது செய்தி வந்தது. அடுத்த வருஷமே ஃபிரண்ட்ஸ்டரிடமிருந்த காப்புரிமைகளை மட்டும் ஏறத்தாழ 4 கோடி டாலருக்கு ஃபேஸ்புக் வாங்கிக்கொண்டது. அத்தனை பேரின் பேச்சும் படமும் சேர்ந்த மொத்தக் கடையின் விலையைவிட, நண்பர்களை எப்படி இணைப்பது என்று எழுதி வைத்த காகிதத்தின் விலை கூட.

2011 ஏப்ரல் கடைசியில் அறிவிப்பு வந்தது. மே 31க்குப் பிறகு படங்கள், பதிவுகள், டெஸ்டிமோனியல்கள், குழுக்கள் எல்லாம் அழிக்கப்படும், வேண்டுமென்றால் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அது விளையாட்டுத் தளமாக மாறி, 2015 ஜூனில் அதுவும் நின்றது. யாரும் அழவில்லை. எல்லாரும் ஏற்கெனவே ஃபேஸ்புக்கில் இருந்தார்கள்.

இலக்கிய இதழில் இது எதற்கு என்று கேட்கலாம். டெஸ்டிமோனியலுக்காகத்தான். பயன்படுத்தாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உன் பக்கத்தில் உன் நண்பன் உன்னைப் பற்றி எழுதுவான். நீ ஒப்புக்கொண்டால்தான் அது வெளியே தெரியும். பதிலுக்கு நீயும் அவன் பக்கத்தில் எழுத வேண்டும், இல்லையென்றால் மறுநாள் பள்ளியில் முகம் கொடுத்துப் பேச மாட்டான். தமிழை உரோமன் எழுத்தில், பாதி மலாய், பாதி ஆங்கிலம், வாக்கியத்துக்கு நாலு கேலி என்று கலந்து எழுதிய ஒரு வகை உரைநடை அங்கே இருந்தது. கல்யாண வாழ்த்துமடல், ஆட்டோகிராஃப் புத்தகம், வகுப்பறைச் சீட்டு மூன்றுக்கும் நடுவில் வைக்கலாம். அது தரமான எழுத்தா என்று விவாதிக்க நான் வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு டெஸ்டிமோனியலுக்கு ஒரு ஆசிரியர் கிடையாது. எழுதியவர் ஒருவர், அனுமதித்தவர் ஒருவர், பதிலுக்கு எழுதிய பிறகுதான் அது முடியும். இந்த மாதிரி எழுத்தை எப்படித் தொகுப்பது? தொகுத்தவர்கள் இதுவரை எதைத் தொகுத்திருக்கிறார்கள்?

ஃபிரண்ட்ஸ்டரை ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் அவசர அவசரமாகக் கொஞ்சம் அள்ளியது. ஜேசன் ஸ்காட் 2009இல் தொடங்கிய கூட்டம் அது. மூடப்போகும் தளங்களுக்குள் நுழைந்து, கதவு சாத்துவதற்குள் முடிந்ததைப் பிரதி எடுப்பதே அவர்கள் வேலை. அப்படி மிஞ்சிய தரவை வைத்து 2013இல் சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழகத்திலிருந்து டேவிட் கார்சியா, பாவ்லின் மாவ்ரோதியெவ், ஃபிராங்க் ஷ்வைட்சர் மூவரும் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பிலேயே 'ஃபிரண்ட்ஸ்டரின் பிரேதப் பரிசோதனை' என்ற பொருள் இருக்கும். பதினோரு கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள், அவர்களுக்கு இடையிலான இணைப்புகள். ஒரு சமூகம் எப்படி உதிர்கிறது என்பதைக் கணக்காக்கிப் பார்க்கிறார்கள்.

பொறியியல் படித்தவனாக எனக்கு அந்தக் கட்டுரை பிடிக்கும். யோசனை எளிமையானது. ஓர் இடத்தில் இருப்பதால் கிடைக்கும் பயனைவிடச் சிரமம் கூடினால் ஒருவர் கிளம்பிவிடுவார். பயன் என்பது அங்கே இன்னும் எத்தனை நண்பர்கள் மிச்சம் என்பதுதான். குறைந்தது மூன்று பேராவது இருந்தால்தான் நான் இருப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் மட்டும் உள்ளவர் முதலில் போவார். அவர் போனதால் இன்னொருவருக்கு மூன்று இரண்டாகும். அவரும் போவார். இப்படி உரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒருவரை ஒருவர் இறுக்கிப் பிடித்திருக்கும் நடுக்கூட்டம் மட்டும் நிற்கும். அந்த நடு எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு சமூகம் தாங்கும், தாங்காது. ஆள் எண்ணிக்கை பெரிதாக இருப்பது ஒன்றுக்கும் உதவாது.

நல்ல கட்டுரைதான். ஆனால் பிரேதப் பரிசோதனை என்ற பெயர் அவர்கள் நினைத்ததைவிடச் சரியாகப் பொருந்திவிட்டது. அதில் இருப்பது எலும்பு மட்டும். யாரிடமிருந்து யாருக்குக் கோடு போகிறது என்பது தெரியும், அந்தக் கோட்டின் வழியாக என்ன போனது என்பது தெரியாது. ஓர் எண்ணும் இன்னோர் எண்ணும் நண்பர்கள், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான ஒரு படைப்பு இருக்கிறது. அதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். ஓலியா லியாலினா, டிராகன் எஸ்பென்ஷீட் இருவரும் செய்யும் 'கிலோபைட் யுகத்தின் ஒரு டெராபைட்'. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டிசை யாஹூ 1999இல் 350 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கி, 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. அங்கே யாரும் இலவசமாகத் தன் முகப்புப் பக்கத்தைக் கட்டிக்கொள்ளலாம். ஆர்க்கைவ் டீம் அள்ளியதை 2010இல் ஏறத்தாழ 650 ஜிகாபைட் டாரண்டாக வெளியிட்டது. அதை இறக்கி, பிரித்து, பழைய உலாவியில் அந்தப் பக்கங்கள் எப்படித் தெரிந்திருக்குமோ அப்படியே திறந்து, படம் எடுத்து, 2013 தொடக்கத்திலிருந்து டம்ளரில் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக ஏறும்படி இருவரும் செய்தார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. மின்னும் நட்சத்திரப் பின்னணி. மஞ்சள் நிறத்தில் 'கட்டுமானப் பணி நடக்கிறது' பலகை. செத்துப்போன நாய்க்கு ஓர் அஞ்சலி. தன் குழந்தையின் படம். 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று ஒரு தேதி, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. லியாலினா இதைக் கேலிப்பொருளாகப் பார்க்கவில்லை. இதை நாட்டார் கலையாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். சாதாரண மனிதர்கள் யாரும் சொல்லித்தராமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்துப் பயன்படுத்திய வடிவங்கள், கோலத்தில் புள்ளி வைக்கும் முறை வீட்டுக்கு வீடு பரவுவது போல. அந்தப் பார்வைக்காகவே இந்தப் படைப்பு எனக்கு முக்கியம்.

அப்படிச் சொல்லிவிட்டு என் குறையையும் சொல்ல வேண்டும். வீடு வீடாகக் காட்டுகிறார்கள். தெருவைக் காட்டவில்லை.

ஜியோசிட்டிசில் தெரு இருந்தது, உருவகமாக இல்லை, நிஜமாகவே. பக்கங்கள் பேட்டைகளாகப் பிரிந்திருந்தன. கணினிக்காரர்களுக்கு சிலிகான்வேலி, அறிவியல் புனைவுக்கு ஏரியா51, குடும்பங்களுக்கு ஹார்ட்லேண்ட், தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு வெஸ்ட்ஹாலிவுட். முகவரியிலேயே பேட்டையும் வீட்டு எண்ணும் வரும். புதிதாக வந்தவருக்கு உதவ ஒவ்வொரு பேட்டையிலும் தன்னார்வலர்கள் இருந்தார்கள். விருந்தினர் பதிவேட்டில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எழுதிவிட்டுப் போவார். யாஹூ வந்ததும் முதலில் போனது இதுதான். 1999 ஜூனில் புதிய விதிமுறை போட்டார்கள்: நீங்கள் ஏற்றியதை எங்கள் விருப்பப்படி பயன்படுத்த எங்களுக்கு உரிமை உண்டு. கொதித்துப்போனவர்கள் தங்கள் பக்கங்களைச் சாம்பல் நிறமாக்கி, பேய் குடியிருக்கும் வீடு மாதிரி காலி செய்து காட்டினார்கள். யாஹூ பின்வாங்கியது. ஆனால் பேட்டை முகவரிகளை ஓரங்கட்டி, பயனர் பெயர் முகவரியைக் கொண்டுவந்துவிட்டது. பேட்டை போனது, தனிவீடு மிஞ்சியது.

ஆக, அந்தச் சமூகம் 2009இல் சாகவில்லை. 1999இலேயே முதுகெலும்பு ஒடிந்துவிட்டது. பத்து வருஷம் கழித்து ஆர்க்கைவ் டீம் அள்ளியது பெரும்பாலும் பூட்டிய வீடுகளைத்தான். டம்ளரில் நாம் பார்ப்பது அந்தப் பூட்டிய வீடுகளின் ஆல்பம். அதனால்தான் அது அவ்வளவு சோகமாகத் தெரிகிறது. அந்தத் தனிமையை 1997இல் அங்கே குடியிருந்தவர்களின் தனிமை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம், உண்மையில் அது தொகுத்த முறையின் தனிமை. கலைப்படைப்பாக இது பெரிய பலவீனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆவணமாகப் பார்த்தால் பலவீனம்தான்.

ஒரு வேடிக்கை. இந்த ஆல்பம் டம்ளரில் ஏறத் தொடங்கிய சில மாதங்களில், 2013 மே மாதம், டம்ளரையே 110 கோடி டாலருக்கு யாஹூ வாங்கியது. கொன்றவன் வீட்டிலேயே அஞ்சலிப் படம் மாட்டிய மாதிரி ஆகிவிட்டது. 2019இல் அந்த டம்ளர் மறுபடி கைமாறியபோது விலை 30 லட்சம் டாலருக்கும் கீழே என்று செய்தி.

நம் பக்கம் வருவோம். தமிழ் இணையத்தின் முதல் பத்து வருஷம் மடற்குழுக்களில் நடந்தது. மலேசியாவில் பிறந்து சிட்னியில் இருந்த பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் அதில் முக்கியமானது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அங்கே நடந்த உரையாடலிலிருந்து முளைத்ததுதான். பிறகு யாஹூ குழுமங்கள் வந்தன: ராயர் காபி கிளப், மரத்தடி, சுங்கைப் பட்டாணி மருத்துவர் எஸ். ஜெயபாரதி நடத்திய அகத்தியர். கெடாவில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் சித்தர் பாடல் பற்றி எழுத, டொரொண்டோவிலிருந்து ஒருவர் மறுக்க, சென்னையிலிருந்து ஒருவர் நடுவில் வேறு எதையோ கேட்பார். எனக்கு அப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயது. பின்னால் தேடிப் படித்ததுதான்.

2019 அக்டோபரில் யாஹூ குழுமங்களின் அப்போதைய உரிமையாளர் வெரைசான் பழைய மடல்களை அழிக்கப்போவதாக அறிவித்தது. அள்ளுவதற்காக உறுப்பினராகச் சேர்ந்த தன்னார்வலர்களின் கணக்குகளையே முடக்கியது. அந்த விவரம்தான் என்னை உறுத்துகிறது. ஆர்வம் இல்லையென்றால் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும். எடுத்துக்கொண்டு போகிறவர்களையும் ஏன் தடுக்க வேண்டும்? 2020 டிசம்பரில் குழுமங்கள் மொத்தமாக மூடப்பட்டன.

இங்கே நமக்கு மட்டும் கூடுதலாக ஒரு பூட்டு உண்டு. பழைய மடல்கள் பல யூனிகோடில் இல்லை, திஸ்கியில் இருந்தன. அதற்கும் முன்னால் ஆளுக்கொரு எழுத்துரு. கோப்பு கிடைத்தாலும் திறந்தால் தமிழ் தெரியாது, ஐரோப்பிய எழுத்துகள் தலையில் கொம்பும் வாலும் முளைத்து வரிசையாக நிற்கும். மாற்ற முடியும். ஒவ்வொரு குறிக்கும் எந்த எழுத்து என்ற அட்டவணை இருக்கிறது. திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, கொம்பு முதலில், மெய் பிறகு என்று வைத்திருப்பார்கள். யூனிகோடுக்கு அதை முன்பின்னாக மாற்றிப் போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நிரல் எழுதிவிடலாம், நான் எழுதியும் பார்த்தேன். ஆனால் இடையில் ஏதோ ஒரு வழங்கி அதை ஐரோப்பிய எழுத்து என்று நம்பி மறுபடி மாற்றியிருந்தால், சில குறிகள் கேள்விக்குறிகளாக நின்றுவிடும். அந்தக் கேள்விக்குறிகளை எந்த நிரலாலும் திருப்ப முடியாது.

இவ்வளவு நடந்தும், நமக்கு ஒன்றும் குறையவில்லை என்றுதான் தமிழ்ச் சூழலில் ஒரு நினைப்பு. நல்லதெல்லாம் புத்தகமாக வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, உண்மைதான். மடற்குழுவில் எழுதிய கட்டுரையைத் திருத்தி, முன்னுரை சேர்த்து, ஆசிரியர் பெயரில் போட்டார்கள். அந்தக் கட்டுரையைப் பிடுங்கி எடுத்த கேள்வி எங்கே? மூன்றாவது நாள் வந்து 'ஐயா, நீங்கள் சொன்ன ஆண்டு தப்பு' என்றவர் எங்கே? ஆசிரியரைக் காப்பாற்றிவிட்டு அவையைக் கைவிடுவது நம் பழைய பழக்கம். பழைய தளம் ஒன்றை யாராவது மீட்டால் உடனே உ.வே.சா.வோடு ஒப்பிடுவதும் இதனால்தான். அந்த ஒப்பீடு காதுக்கு இனிமையாக இருக்கலாம், எனக்கு ஒட்டவில்லை. ஓலைச்சுவடிக்குள் இருந்தது எழுதி முடித்த நூல். ஒரு குழுமத்தில் முடிந்த நூல் ஒன்றுகூட இல்லை. அங்கே இருப்பது கேட்டவருக்கும் சொன்னவருக்கும் நடுவில் நடந்தது.

சரி, எல்லாவற்றையும் அள்ளி வைத்துவிடலாமா? அதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஃபிரண்ட்ஸ்டர் காலத்தில் பதினாறு வயதாக இருந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். 'நல்லவேளை போச்சு' என்பவர்களே அதிகம். என் ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "அந்த டெஸ்டிமோனியல் மட்டும் இருந்திருந்தா என் கல்யாணமே நடந்திருக்காது, தம்பி." அடுத்த நிமிஷமே, தன் தோழி எழுதிய ஒன்றை மட்டும் யாராவது எடுத்து வைத்திருந்தால் நன்றாக இருக்கும் என்றார். இரண்டும் உண்மையாகச் சொன்னதுதான். டாரண்டாக மொத்தமாக வெளியிடும் முறை இந்த இரண்டாவது வாக்கியத்தை மட்டும் கேட்கிறது, மூடிவிட்டுப் போகும் கம்பெனி முதல் வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

இரண்டையும் கேட்ட ஓர் ஏற்பாட்டை நான் ஓரிடத்தில்தான் பார்த்தேன், அதுவும் இலக்கியவாதிகள் மதிக்காத ஓரிடத்தில். ரசிகர் புனைவு எழுதுபவர்களிடம். 2007இல் லைவ்ஜர்னல் நூற்றுக்கணக்கான கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கியபோது, இனி வழங்கியே நம்முடையதாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். இலாப நோக்கற்ற ஓர் அமைப்பைப் பதிவு செய்து, நிரலைத் தாங்களே எழுதி, 2009இல் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்தைத் திறந்தார்கள். நன்கொடையில் ஓடுகிறது, விளம்பரம் கிடையாது. அந்த அமைப்பின் 'ஓப்பன் டோர்ஸ்' என்ற பிரிவுக்கு வேலையே, நடத்துபவருக்கு ஆர்வமோ காசோ உடம்போ இல்லாமல் போன பழைய சிறு தளங்களை ஏற்றுக்கொள்வது. நடத்தியவரின் சம்மதத்தோடு படைப்புகளை மாற்றுவார்கள். எழுதிய ஒவ்வொருவருக்கும் தளத்தில் இருந்த முகவரிக்கு மின்னஞ்சல் போகும்: இது உங்களுடையதா? எடுத்துக்கொள்ளலாம், அழிக்கச் சொல்லலாம். அல்லது 'அநாதையாக்கலாம்'. அந்தச் சொல்லை அவர்களே பயன்படுத்துகிறார்கள். படைப்பு இருக்கும், வாசகர்கள் கீழே எழுதியதும் இருக்கும், உன் பெயர் மட்டும் போய்விடும்.

பெயரை விட்டுவிட்டு உரையாடலை வைத்துக்கொள்வது. ஆசிரியர் பெயரைக் காப்பாற்ற உரையாடலை வெட்டும் நமக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கேயும் சண்டை உண்டு. 2015இல் நிர்வாகக் குழுவின் பழைய உறுப்பினர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். தளம் ஒரு நாளும் நிற்கவில்லை. ஒருவர் சலித்துப்போனால் எல்லாம் போய்விடும் என்ற நிலையிலிருந்து அவர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்பதற்கு எனக்கு அந்தச் சண்டையே சாட்சி.

மலேசியத் தமிழர்களான நமக்கு இந்தக் கதை புதிதாக இருக்கக் கூடாது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தில் ஆர்வம் இழந்து, துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது, லயமும் கோயிலும் பள்ளிக்கூடமும் அடுத்தவன் நிலத்தில் நிற்கின்றன என்பது நம் ஆட்களுக்கு ஒரே நாளில் தெரிந்தது. மூன்று தலைமுறையாகக் கும்பிட்ட அம்மன், ஆனால் நிலப்பட்டா வேறு பெயரில். 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கத் தொடங்கியது இதற்காகத்தான். கோயில் இடிந்த பிறகு படம் எடுத்து வைக்க அவர் ஆள் சேர்க்கவில்லை, விற்பனைக்கு வந்தபோது நிலத்தை வாங்க ஆள் சேர்த்தார். எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை என்பதும் நமக்குத் தெரியும். பிறகு நகரத்துப் பக்கம் வந்து, அடுக்ககத்தில் குடியேறி, நம் இலக்கியப் பேச்சை எல்லாம் மறுபடி அடுத்தவன் நிலத்திலேயே கட்டியிருக்கிறோம்: ஃபேஸ்புக் குழு, வாட்சாப் குழு. சிறுகதை பற்றி நாற்பது பேர் நாலு நாள் சண்டை போட்டது அந்தக் குழுவில்தான் கிடக்கிறது. குழுவைத் தொடங்கியவர் கைப்பேசியை மாற்றும்போது அது என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.

இதை எழுதும்போது இந்த இதழின் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டேன். நம் தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, ஆண்டுக் கட்டணம் யார் அட்டையிலிருந்து போகிறது, கட்டுரைகளுக்குக் கீழே வாசகர்கள் எழுதியவை எங்கே சேமிக்கப்படுகின்றன. பதில் மூன்று நாளில் வந்தது. பெயரும் அட்டையும் ஒரே ஆளுடையவை. வாசகர் எழுதியவற்றுக்கு இதுவரை தனிப் பிரதி இல்லை. அடுத்த மாதம் முதல் பிரதி எடுக்கும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கடவுச்சொல் இப்போது மூன்று பேரிடம் இருக்கிறது.